சிவப்பு விளக்கும் பச்சைச் சொட்டும்

அத்தை கார் ஓட்டும்போது பட்டாணி சாலையை வேடிக்கை பார்க்கமாட்டாள். அத்தைக்கு முன்னால் எரியும் குட்டி விளக்குகளைத்தான் பார்ப்பாள்.

பட்டாணி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். பத்து வயதாகியும் ஆள் கொஞ்சம் சிறியவள்தான். எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுவாள் என்பது இன்னொரு காரணம். அவளுடைய அத்தை வாடகைக் கார் ஓட்டுபவர். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில், சவாரிக்கு வருபவர்கள் சம்மதித்தால், பட்டாணியும் பின் இருக்கையின் நடுவில் ஏறிக்கொள்வாள். அங்கிருந்து பார்த்தால்தான் எல்லா விளக்குகளும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் வாசலுக்கு வந்தபோது, காருக்கு அடியில் ஒரு பூனைக்குட்டி எதையோ நக்கப் போய்க்கொண்டிருந்தது. தரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

"சீச்சீ! அதைப் போயா குடிக்கிறே?"

பட்டாணி குனிந்து குட்டியை இழுத்துத் தூக்கினாள். விரலில் அந்த ஈரம் பிசுபிசுவென்று ஒட்டியது. குட்டிக்கு ஒரு மூடியில் நல்ல தண்ணீர் வைத்தாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டித் தரையையும் கழுவிவிட்டாள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஓடி வந்து காரில் ஏறினாள்.

முதல் சவாரி பியானோ மாமா. ஊரில் யார் வீட்டுப் பியானோ சுதி தப்பினாலும் அவர்தான் போய்ச் சரிசெய்வார். அவருக்குக் கண் தெரியாது. வெள்ளைக் கோலும் கருவிப் பையுமாக வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"பதினோரு மணிக்குப் பசங்களோட கச்சேரி, தங்கச்சி. மேட்டுத் தெரு அரங்கத்துல இருக்கிற பியானோ நேத்து மழையில நனைஞ்சு கத்துதாம். அதுக்குள்ள நான் அதைச் சமாதானப்படுத்தணும்."

"போயிடலாம் அண்ணா," என்றார் அத்தை.

பாதி வழியில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. அலைகளுக்கு நடுவே ஒரு தெர்மாமீட்டர் நிற்பது போன்ற படம்.

"மறுபடியும் வந்துடுச்சு அத்தை!"

"பார்த்துட்டேன்." அத்தை பெருமூச்சு விட்டார். "இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் குறைஞ்சா எரியற விளக்கு அண்ணா. ஒரு வாரமா இப்படித்தான். மெக்கானிக் கூலன்ட் ஊத்திட்டு, சென்சார்தான் பொய் சொல்லுதுன்னார். புது சென்சாரும் மாட்டியாச்சு."

"புது சென்சாருமா பொய் சொல்லும்?" என்றாள் பட்டாணி.

"அதுதான் எனக்கும் இடிக்குது. அரங்கத்துல இறங்கினதும் நானே திறந்து பார்க்கிறேன்."

ஆனால் மேட்டில் ஏறத் தொடங்கியதும் வெப்பத்தைக் காட்டும் முள் மெல்ல நகர்ந்தது. நடுவில் இருந்தது, முக்காலுக்கு வந்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்து, 'டிங்! டிங்!' என்று மணியும் அடித்தது.

பட்டாணி முன் இருக்கையை இறுகப் பிடித்தாள். அத்தையின் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. ஏசியை நிறுத்தினார். ஜன்னல்களை இறக்கினார். ஓரமாக ஒதுங்கிக்கொண்டே ஹீட்டரைப் போட்டார்.

"இந்த வெயில்ல ஹீட்டரா? என்னை வேக வைக்கப் போறியா, தங்கச்சி?" என்றார் பியானோ மாமா.

"இன்ஜின் சூட்டை இந்தப் பக்கம் இழுக்கப் பார்க்கிறேன் அண்ணா."

ஆனால் ஹீட்டரில் சூடே வரவில்லை. பட்டாணி கையை நீட்டிப் பார்த்தாள். வெறும் காற்று.

"இன்ஜின் கொதிக்குது, ஹீட்டர் மட்டும் ஏன் சில்லுனு இருக்கு?"

"நல்ல கேள்வி. ஹீட்டருக்குச் சூட்டைக் கொண்டு வர்றதே கூலன்ட்தான். அது வரலைன்னா, உள்ளே கூலன்ட் இல்லைன்னு அர்த்தம்." அத்தை அந்த நொடியே காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "விளக்கு பொய் சொல்லலை."

பட்டாணி வாய் பிளந்து அத்தையைப் பார்த்தாள். இவ்வளவும் நடந்தது ஒரு நிமிடத்துக்குள்!

மூவரும் நடைபாதையில் இறங்கி நின்றார்கள். அத்தை காரின் முன்பக்க மூடியைத் தூக்கியதும் வெள்ளை ஆவி எழுந்தது. அதைப் பார்த்து, ஸ்கூட்டரில் போன ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அத்தை டிக்கியைத் திறந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? அந்தக் கூலன்ட் மூடியைத் திறந்து தண்ணி ஊத்தினா முடிஞ்சுது," என்று ஸ்கூட்டர்காரர் கையை நீட்டினார்.

பட்டாணி குறுக்கே பாய்ந்தாள். "தொடாதீங்க அண்ணா! உள்ளே கொதிக்குது. திறந்தா மூஞ்சியில அடிக்கும்!"

"அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மூடி மேலேயே எழுதியிருக்கே!"

அவர் குனிந்து படித்தார். நீட்டிய கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அத்தை சிரித்துவிட்டார். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் தம்பி. உங்க மனசுக்கு நன்றி."

அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பியானோ மாமா கைக்கடிகாரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மணி பத்து.

இன்ஜின் ஆறியதும் அத்தை துணியைச் சுற்றி மூடியை மெல்லத் திருகினார். உள்ளே கூலன்ட் கண்ணுக்கே தெரியவில்லை. டிக்கியில் அரை கேன் கூலன்ட் இருந்தது.

"ஓட்டைப் பானையில எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது. எங்கே ஒழுகுதுன்னு தெரியணும்," என்று அத்தை காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். தார்ச்சாலை கன்னங்கரேலென்று இருந்தது. எதுவும் தெரியவில்லை.

பட்டாணி தன் விரலைப் பார்த்தாள். காலையில் அதில் ஒட்டிய பிசுபிசுப்பு நினைவுக்கு வந்தது!

"அத்தை! காலையில வாசல்ல ஒரு ஈரம் இருந்துச்சு. பூனைக்குட்டி நக்கப் போச்சு. நான் கழுவிட்டேன். அது பச்சையா, பிசுபிசுன்னு இருந்துச்சு!"

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "நக்கிடுச்சா?"

"இல்லை, அதுக்கு முன்னாடியே தூக்கிட்டேன்."

"நல்லவேளை. அது இனிக்கும், ஆனா விஷம். எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"முன்னாடி, இடது சக்கரத்துக்கிட்ட." பட்டாணி தன் பையிலிருந்து ஓவிய நோட்டை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளைச் சர்ரென்று கிழித்தாள். "கருப்பு ரோட்டுல தெரியாது. இதுல தெரியும்!"

பியானோ மாமாவின் வெள்ளைக் கோலால் தாளைக் காருக்கு அடியில் தள்ளினார்கள். அத்தை கூலன்ட்டை ஊற்றி, ஸ்கூட்டர்காரரின் தண்ணீரையும் சேர்த்து, கோடு வரை நிரப்பி, இன்ஜினை ஓட விட்டார். எல்லோரும் தாளையே பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, சொட்! வெள்ளைத் தாளில் ஒரு பச்சைப் புள்ளி.

"இருங்க, யாரும் பேசாதீங்க," என்றார் பியானோ மாமா. தலையைச் சாய்த்துக் கேட்டார். "சொட்டு விழுந்த இடத்துக்கு மேலேயே, முழங்கால் உயரத்துல. 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம்."

அத்தை டார்ச் அடித்தார். கூலன்ட் போகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருந்தது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, பியானோ மாமாவின் கருவிப் பையிலிருந்த திருப்புளியால் வளையத்தை இறுக்கினார். மறுபடியும் இன்ஜினை ஓடவிட்டு அடியில் வைத்த இரண்டாவது தாள் வெள்ளையாகவே இருந்தது.

மீதி மேட்டில் முள் நடுவை விட்டு அசையவில்லை. அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். கச்சேரி கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பியானோ மட்டும் ஒரு இடத்திலும் கத்தவில்லை.

மாலையில் அத்தை மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் குழாயைப் பார்த்தார், வளையத்தைத் தொட்டார், தலையைச் சொறிந்தார்.

"தப்பு என் மேலதான் அக்கா. நான் விளக்கையே பார்த்துக்கிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு தரையைப் பார்த்திருக்கா."

புது வளையம் மாட்டி முடித்துக் கையைத் துடைத்தவர், மூலையில் நின்ற ஒரு நீலக் காரைக் காட்டினார்.

"பட்டாணி, அந்த வண்டி மூணு நாளா என்னை அழ வைக்குது. கொஞ்சம் வந்து பார்க்கிறியா?"

பட்டாணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"பார்க்கலாம். முதல்ல சொல்லுங்க அண்ணா, எந்த விளக்கு எரியுது? எப்போ எப்போ எரியுது?"

மெக்கானிக் ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினார். அத்தை கார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.