உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள்

வெப்சைட்டின் முகப்புப் பக்கம் வந்துவிட்டது, டேட்டாபேஸ்தான் சேரவில்லை. பவித்ராவுக்கு அது புதிதில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அண்ணனும் அவளும் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் அவள் பார்க்காத கோளாறு கிடையாது. பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறியிருக்கும், இல்லாவிட்டால் பின்னணியில் ஓட வேண்டியது ஓடாமல் படுத்திருக்கும். ஆனால் திரையில் வந்திருந்த வரி அந்த இரண்டையும் சொல்லவில்லை. இருக்கிற இடம் நிரம்பிவிட்டது, இன்னோர் ஆள் இணைய வழியில்லை என்றது.

இடது தோளில் கிடந்த பின்னல் முன்னால் சரிய, அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். நெட்வொர்க் வயர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் சுருண்டு கிடந்தது. இந்தக் கணினிக்குள் வர அவளைத் தவிர வேறு யாருக்கும் பாதையே இல்லை.

வெளியே பிற்பகல்தான் என்றாலும், போடிமெட்டைத் தாண்டி ஜீப்பு ஏறிய நேரத்திலிருந்தே கூட வந்த மூடுபனி இப்போது ஏலச்செடிகளின் நீண்ட இலைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, முற்றத்தைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியில் வந்து முகத்தை அப்பிக்கொண்டு நின்றது. தகரக் கூரையில் சாரல் மணலைத் தூவுவதுபோல் விட்டுவிட்டு விழுந்தது. எஸ்டேட் ஆபீஸ் என்று சொன்னாலும் அது ஸ்டோர்க் கட்டடத்தின் ஒரு தடுப்புதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் அறை. மழை ஓயாததால் இந்த வாரம் காய் எடுப்பு இல்லை, அடுப்பு பற்றவைக்கவே இல்லை என்று வாட்ச்மேன் சுருளிவேல் சொல்லியிருந்தார். ஆனாலும் பச்சைக் காய் உடைத்தாற்போல அந்தக் காரமான இனிப்பு வாசனை சுவர் வழியாகக் கசிந்து, அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

நெட் இல்லாத இந்த மேட்டில், ஒரு கணினியையே சர்வராக வைத்து, லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்கள் பறித்துக் கொண்டுவரும் காயின் எடையைப் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் எஸ்டேட்டுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் வந்தது அண்ணன் முத்துக்கண்ணன். திரும்பி வந்ததிலிருந்து அவனுக்கு உடம்பு சரியில்லை. போடி வெயிலில், மொட்டை மாடியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. “மலைக் குளிரு உள்ள போயிருச்சு. கனெக்‌ஷன் மட்டும் நிக்கல. நீ போயி முடிச்சுட்டு வந்துரு ஆத்தா” என்று இன்று காலையில் அவள் கையைப் பிடித்தபோது, அந்த விரல்கள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தவைபோல் இருந்தன. ஜீப்பு ஏற்றிவிடவும் அவனே வந்தான். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உள்ள வந்து உக்காருங்கண்ணே, நனையிறீங்க” என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள் பவித்ரா.

தாழ்வாரத்தில், சாக்கைத் தலையில் கவிழ்த்து நின்ற சுருளிவேல் திரும்பவில்லை. “இருக்கட்டும் தாயி. நான் இங்கனயே நிக்கிறேன். நீ வெரசா சோலிய முடி.”

அவள் வரிசையாகப் பார்த்தாள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் எழுதிவைத்த அமைப்புகளைத் திறந்தாள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆள்தான் இணையலாம் என்று கட்டுப்பாடு போட்டிருந்தான். எதற்காக? யாரும் அப்படிப் போடமாட்டார்கள். அதை மாற்றிச் சேமித்தாள். மறுபடி திறந்து பார்த்தால் அதே ஒன்று. மறுபடி மாற்றினாள். மறுபடி ஒன்று. டேட்டாபேஸை நிறுத்தி ஓடவிட்டாள், கணினியையே அணைத்துப் போட்டாள். இடமில்லை என்ற அதே வரி வந்து நின்றது.

திரை இருண்டிருந்த அந்தச் சில நொடிகளில்தான் அவளுக்குக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறார்கள். நன்றாகத் தூங்குகிற ஆளின் மூச்சு. இழுத்து, நின்று, மெல்ல விட்டு.

மரச்சட்டம் ஈரத்தில் உப்பிச் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே சுவரில் கை வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை. ஆள் எழுந்துபோன பாயில் கை வைத்தால் இருக்குமே, அந்தச் சூடு.

கையை எடுத்துக்கொண்டாள்.

நிர்வாகிக்கென்று எப்போதும் ஒரு தனி வாசல் உண்டு. அதன் வழியாக உள்ளே போய், இப்போது இணைந்திருப்பது யார் என்று கேட்டாள். ஒரே ஒரு வரி வந்தது. இணைந்த இடம், இதே கணினி. பெயர், முத்துக்கண்ணன். நேரத்தைப் பார்த்தாள். அண்ணன் இங்கிருந்து மலையிறங்கிய நாளிலிருந்து அந்த இணைப்பு ஒரு கணமும் அறுபடாமல் இருந்தது. கணினியோ ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் எழுந்திருக்கிறது.

அறுத்துவிடு என்று கட்டளை கொடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

போன் அடித்தது. அண்ணன் எண். எடுத்தால் அண்ணியின் அலறல்: “பவி, ஒங்கண்ணன் மூச்சுவிட மாட்டேங்கிறாரு பவி! கண்ணு சொருகுது!” பாத்திரம் உருளும் சத்தம், பிள்ளைகளின் அழுகை. திரையில், அவள் ஒன்றையும் தொடாமலேயே, அறுத்த வரி தானாகத் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. போனில், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவனைப்போல அண்ணன் காற்றை இழுத்தான். சுவருக்கு அப்பாலும் அதே இழுப்பு. ஒரே நேரத்தில்.

“அருணா, நீ அங்கிட்டுப் போ” என்று அவன் சொல்வது கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு, “பவி. அத அறுக்காத. நான் சொல்றத மட்டும் செய்யி. மொதல்ல ஒம்பேருல ஒரு யூசர் போடு. எல்லா அனுமதியும் குடு. அதுக்கப்புறம் என் பேர எடுத்துரு. மாத்திச் செஞ்சுறாத.”

“என்னண்ணே இது? எனக்குப் பயமா இருக்கு.”

“செத்துருவேன் ஆத்தா. சத்தியமாச் செத்துருவேன்.”

அப்பா போன பிறகு, சொந்த ஊர் ராசிங்காபுரத்திலிருந்து சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, வெயிலில் மிதித்து, டைப்பிங் கிளாஸ் வாசலில் காத்துக் கிடந்தவன் அவன். கோயம்புத்தூரில் கிடைத்த வேலையை அவனுக்காகத்தான் விட்டாள். கடையை விட முடியாமல், வந்த மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்தாள். அதையெல்லாம் அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கவேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அவனை நம்பினாள். அவளுடைய விரல்கள் அவள் பெயரை அடித்தன. எல்லா அனுமதியும் கொடுத்தன. அண்ணன் பெயரை எடுத்தன.

திரை ஒருமுறை இமைத்தது. இணைப்பு வெற்றி என்று பச்சை எழுத்தில் வந்தது.

“ஹா...” போனில் நீளமாக ஒரு பெருமூச்சு. அப்புறம் கதவு திறக்கும் சத்தம். “அருணா! ஃபேனப் போடு. வேர்க்குதுடி, எனக்கு வேர்க்குது!” அவன் சிரித்தான். அழவும் செய்தான். பவித்ராவுக்கும் கண் கலங்கியது. அண்ணன் பிழைத்துக்கொண்டான்.

குளிர் அதற்குப் பிறகுதான் வந்தது.

பாதத்தில் தொடங்கியது. ஈரத்தின் குளிர் இல்லை, மலையின் குளிர் இல்லை. எலும்புக்குள்ளிருந்து யாரோ சூட்டை உறிஞ்சி எடுப்பதுபோல, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மேலேறியது.

“முடிஞ்சுதா தாயி?” வெளியிலிருந்து சுருளிவேல். இப்போதும் உள்ளே திரும்பிப் பார்க்காமல்தான். “ஒரு ஆள அனுப்புறேன்னுதான் சொன்னாரு ஒங்கண்ணன். கூடப்பொறந்தவளன்னு சொல்லல.” தொண்டையைச் செருமினார். “கீழ போறதுக்கு ஒண்ணும் தடையில்ல. அவரும் போனாருல்ல.”

செருப்புச் சத்தம் பனிக்குள் போய்க் கரைந்தது.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“அண்ணே. ஒனக்குத் தெரியுமா?”

ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“தெரிஞ்சுதான் அனுப்புனியா?”

“எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு பவி” என்றான் அவன். குரலில் நடுக்கம் இல்லை. பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த குரல். “ஒனக்கு யாரு இருக்கா?”

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு விறைத்திருந்தது.

“நீ இருக்கேன்னு நெனச்சேன்.”

அவன் வேகமாகச் சொன்னான். “நீயும் யாரையாச்சும் அனுப்பிரு. சும்மா ஒரு பேரப் போட்டா அது எடுத்துக்கிடாது, நான் போட்டுப் பாத்துட்டேன். ஒன்னைய முழுசா நம்புற ஆளா இருக்கணும். அவுகளே வந்து, அவுக கையாலேயே போடணும்.” போனை வைத்துவிட்டான்.

நம்புகிற ஆள். அவள் தேடிப் பார்த்தாள். அண்ணனின் மூத்த பெண்ணின் முகம் வந்தது. அதை உடனே தள்ளினாள். தள்ளியும் அது போகவில்லை.

திரையில் தன் பெயரை அழிக்கப் பார்த்தாள். முடியாது என்றது. இணைப்பை அறுத்தாள். நெஞ்சுக்குள் கதவு சாத்திக்கொண்டது. காற்று இல்லை. மேசையின் விளிம்பு நெற்றியில் மோதியது. தரை. பிறகு தானாகவே ஓர் இழுப்பு. வரி திரும்ப வந்திருந்தது.

எழுந்தாள்.

சுவருக்கு அப்பால் மூச்சு. இழுத்து, நின்று, மெல்ல விட்டு. அவள் தன் மூச்சை அடக்கினாள். அதுவும் அடங்கியது. அவள் விட்டாள். அதுவும் விட்டது.

ஓடிவிடலாம். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் கால்கள் உலர்த்தும் அறைப் பக்கம் நடந்தன. சூடு அங்கேதான் இருந்தது. அவளுடைய சூடு.

கதவைத் தள்ளினாள்.

விளக்கில்லை. கூரைக் கண்ணாடி வழியாகப் பனியின் சாம்பல் வெளிச்சம் மட்டும். அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள், தரையிலிருந்து கூரைவரை. எடுப்பு இல்லாத வாரத்தில், எல்லாத் தட்டிலும் பச்சைக் காய். ஈரம் மினுங்கியது.

மேல்தட்டில் ஓர் ஆண் படுத்து எழுந்த அளவுக்கு ஒரு பள்ளம். அது காய் காயாக மேலெழும்பி நிரம்பிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழ்த்தட்டில் காய்கள் அமிழ்ந்தன. சத்தமில்லாமல். முதலில் தலை. பிறகு தோள்கள். இடுப்பு. குதிகால் இரண்டும். அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. இடது தோளோரமாக, கயிறுபோல நீளமாய், இன்னொரு பள்ளம் இறங்கியது.

பின்னல்.

கதவருகே நின்றிருந்த பவித்ராவின் முதுகில், காய்கள் ஒவ்வொன்றாக வந்து அழுந்தின.