உருளைக்குள் வெந்த ஒயர்

மதியம் 1.20. தையற்கூடத்தில் தீப்பிடித்தது. சாப்பிடப் போனவர்கள் ஓடி வருவதற்குள் துணிக்கட்டுகள் கரியாகிவிட்டன. உள்ளே கண்ணயர்ந்திருந்த, பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரியைப் புகையிலிருந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாலை 4.30. இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இரண்டு மணி நேரமாக அதே கேள்வி, அதே பதில்.

"அயர்ன் பாக்ஸை அணைச்சீங்களா?"

"அணைச்சேன் மேடம். எத்தனை தடவை சொல்றது?" இஸ்திரிக்காரியின் குரல் கம்மிவிட்டது.

"சுத்த மறதிக்காரி. கேஸை முடிங்க மேடம்," என்றார் முதலாளி, அரைக்கைச் சட்டையில் குளிருக்கு நடுங்கியபடி.

"தீப்பிடிச்சப்போ நீங்க?"

"என் ரூம்ல. கணக்கு நோட்டு பார்த்துட்டிருந்தேன்."

இஸ்திரி மேசை விரிப்பு ஓரத்தில் மட்டும் கருகியிருந்தது. பெட்டி நின்ற நடுப்பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? போன் அடித்தது. ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் வேண்டுமாம், மேலதிகாரி கத்தினார்.

இன்ஸ்பெக்டர் முதலாளியின் அறைக்குள் நுழைந்தார். அங்கே தீ எட்டவில்லை. ஐஸ்பெட்டி மாதிரி குளிர்ந்தது. நாற்காலியில் ஸ்வெட்டர் தொங்கியது. மேசைக்கடியில் எக்ஸ்டென்ஷன் ஒயரின் முனை. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஒயர் கதவிடுக்கு வழியாகத் தையற்கூடத்துக்குள் போயிற்று.

பின்தொடர்ந்தார். சாம்பலுக்கடியில், சுவர் பிளக்கில் மாட்டிய ஒயர் உருளை கிடந்தது. எரிச்சலில் ஒரு உதை விட்டார். பாதி உடைந்தது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளிச்சுற்றுகள் இன்னும் ஒயராகவே இருந்தன. உட்சுற்றுகள் ஒரே கட்டியாக உருகிக் கிடந்தன.

"சார், உங்க கார் டிக்கியைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்க."

உள்ளே கோணிக்கடியில் ரூம் ஹீட்டர்.

"இந்தக் குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டிட்டு உக்கார்ந்திருந்தீங்க. அப்ப ரூம்ல ஹீட்டர் ஓடியிருக்கணும். அது அங்க இல்லைன்னா உங்க வண்டியிலதான் இருக்கணும். கரண்ட் ஓடினா ஒயர் சூடாகும். பிரிச்சுப் போட்டா சூடு காத்துல போயிடும். சுத்தினபடியே வச்சு, மேல துணியும் போட்டா எங்க போகும்? உள்ளேயே வெந்து பத்திக்கிச்சு. வெளித்தீ பட்டிருந்தா மேல்சுத்துதான் முதல்ல உருகியிருக்கும்."

"நாலு முழம்தான் தேவைப்பட்டுச்சு. முழுசா எதுக்குப் பிரிக்கணும்னு..." முதலாளி இழுத்தார்.

"அது தெரியாம நடந்தது. ஹீட்டரை ஒளிச்சது? பழியை இவங்க தலையில போட்டது?"

முதலாளி கோணியை இழுத்து ஹீட்டரை மூடினார்.

இன்ஸ்பெக்டர் இஸ்திரிக்காரியிடம் திரும்பினார். "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா."

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு மணி நேரமா சொன்னேனே மேடம். ஒரு தடவையாவது நம்பினீங்களா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.