இடைவெளியில் பேசுகிறவர்

அவள் வாயை மூடியிருந்தாள். ஊசி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

குரலைக் கூட்டிக் குறைக்கும் ரேடியோ மிக்ஸரின் முகப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி, அதற்குள் ஒரு கறுப்பு ஊசி. மைக்கில் பேசினால் எழும்பும், நிறுத்தினால் படுத்துவிடும். யாரோ தொலைத்த சாவிக்கொத்தைப் பற்றிய அறிவிப்பை வாசித்து முடித்துவிட்டு அடுத்த தாளைத் தேடிய அந்த நாலைந்து நொடிகளில் அது படுக்கவில்லை. எழும்பியது, தயங்கியது, மறுபடி எழும்பியது. ஒருவர் அவசரமில்லாமல், வாக்கியம் வாக்கியமாகப் பேசுவதைப் போல. ஹெட்ஃபோனில் எப்போதும் இருக்கும் மெல்லிய இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. மின்விசிறியாக இருக்கும் என்று அதை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். ஊசி ஆடியது. "அடுத்ததாக..." என்று அவள் ஆரம்பித்ததும், வழிவிடுவதைப் போல ஒரு கணம் நின்றது.

பகலெல்லாம் அவளுக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் இந்த மாடி அறை. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, முறைப்படி அனுமதி வாங்கி, பழைய சாமான்களைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்த சின்ன வானொலி நிலையம் இது. ஐந்தாறு தெருக்களைத் தாண்டாது. சுவரில் எதிரொலியை அடக்க அடித்த பழைய போர்வைகள், சூடேறிய தூசியின் வாசனை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. தண்ணீர் எப்போது வரும், யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டுப் பூனையைக் காணோம் என்று சொல்லி நடுநடுவே பாட்டுப் போடுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்றையும் ஓட்டுகிறாள் என்று கணவன் கேலி செய்வான். தெருவில் அவளுக்கு 'ரேடியோக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை மருந்துக்கடையில் கணவனுக்கு வலி மாத்திரை கேட்டு நின்றாள். கடைக்காரர் மாத்திரையை எண்ணியபடியே சொன்னார்.

"ரேடியோக்கா, உங்ககூடப் பேசுறாரே ஒருத்தர், பிரமாதம். யாருங்க அவரு?"

"என்கூடவா? நான் தனியாத்தானே பேசுறேன்."

"சும்மா சொல்லாதீங்க. ஒரு வாரமா கேட்கிறோம். சாவி தொலைச்சவங்க இனிமே அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம்னாரே, நானும் வீட்டுக்காரியும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

கணவன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து, மாவுக்கட்டோடு இரண்டு மாதமாகக் கூடத்துக் கட்டிலில் கிடந்தான். தலைமாட்டில் ரேடியோ.

"ஏங்க, என் நிகழ்ச்சியில வேற குரல் ஏதாவது கேட்குதா?"

"ஏன் கேட்காம? நானே கேட்கணும்னு இருந்தேன், யாரும்மா அந்த ஆளு? நான் கால் ஒடிஞ்சு கிடக்கிற நேரம் பார்த்து மாடியில ஆளைச் சேர்த்துட்டியா?" கண்ணடித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "உனக்குத் தெரியாதா?"

மதியம் பட்டறையில், மேஜை நிறைய வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து முந்தைய நாள் ஒலிப்பதிவைச் செல்போனில் கேட்டாள். அவள் குரல் மட்டுமே இருந்தது. அப்பாடா என்றிருந்தது, சாவி அறிவிப்பு முடியும் வரை. அதற்குப் பிறகு மௌனம். நாலைந்து நொடி இல்லை, இருபத்தைந்து நொடி. மௌனத்தின் நடுவே அவளுடைய குரலே மெதுவாக, "ம்ம்," என்றது. மறுபடி மௌனம். "அப்படியா?" பிறகு ஒரு சிறிய சிரிப்பு. நன்றாகப் பழகியவர்களிடம் மட்டும் அவள் சிரிக்கிற சிரிப்பு.

சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். வேறு நிலையம் ஏதாவது குறுக்கே விழுகிறது, தலையை உடைத்துக்கொள்ளாதே என்றான். மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. வேனை எடுத்துக்கொண்டு நான்காவது தெருவுக்குப் போய், வேன் ரேடியோவைப் போட்டுவிட்டு அவளைச் செல்போனில் அழைத்தான்.

"அக்கா, மைக்குல பத்து வரைக்கும் எண்ணு. நடுவுல எங்கயாவது நிறுத்து. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்தினாள். ஊசி ஆடியது. செல்போனில் வேனின் இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் மட்டும்.

"முடிச்சிட்டியா?" என்றான்.

"நாலோட நிறுத்திட்டேன்."

"விளையாடாதக்கா."

"சத்தியமாடா."

"அஞ்சுல இருந்து ஒரு ஆம்பளை எண்ணினான். பத்துலயும் நிக்கல. இப்ப பதினேழு."

"போனை ரேடியோகிட்ட வை."

வைத்தான். தகரத்தில் மழை பெய்வதைப் போன்ற இரைச்சல். வேறெதுவும் அவள் காதுக்கு எட்டவில்லை.

"எனக்குக் கேட்கலையேடா."

"இவ்வளவு சத்தமா பேசுறான், கேட்கலையா?" அவன் குரல் இறங்கியது. "அக்கா, கீழ இறங்கு."

"ஏன்?"

"எண்ணுறதை நிறுத்திட்டான். உன் கால்ல செருப்பு இல்லையாம். கட்டைவிரல்ல பிளாஸ்திரி போட்டிருக்கியாம்."

அவள் குனிந்து பார்த்தாள். வெறுங்கால். கட்டைவிரலில், காலையில் ஒட்டிய பிளாஸ்திரி.

தம்பி திரும்பி வந்ததும் நேரே மாடிக்கு ஏறினான். மின் இணைப்பைத் துண்டித்தான். மைக், மிக்ஸர், ஒலிபரப்பி எல்லாவற்றையும் திருகு கழற்றிப் பெயர்த்தெடுத்தான். மொட்டைமாடி ஏரியலையும் இறக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற பிள்ளை, போகும்போது அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே எதுவும் இல்லை. பேசுவதற்குக் கருவியே இல்லை. அதை நினைக்க நினைக்க அழுகையும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. கூடத்தில் கணவன் சிரித்தான்.

கை அப்படியே நின்றது. குழாயை மூடினாள்.

ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அவளுக்குக் கேட்டது இரைச்சல். வெறும் இரைச்சல்.

"என்னங்க கேட்கறீங்க?"

"உன் நிகழ்ச்சிதான். இன்னைக்கு ரெண்டு பேரும்..." நிமிர்ந்தவன், ஈரக்கையோடு வாசற்படியில் நின்றவளைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். உதட்டில் நிறம் போய்விட்டது.

"நீதானே பேசிக்கிட்டு இருக்க," என்றான். "மேல."

"அதை அணைங்க!"

அவன் குமிழைத் திருகினான். இரைச்சல் நின்றது. அவன் முகம் மாறவில்லை. தலை மட்டும் லேசாகச் சாய்ந்து, இன்னும் எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க. ஏங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இரும்மா," என்றான் மெல்ல. "முடிக்கட்டும்."

அவள் மாடிக்கு ஓடினாள். ஏன் ஓடினாள், வாசலுக்கு ஏன் ஓடவில்லை என்று யோசிக்க நேரமில்லை. கதவைத் தள்ளினாள். போர்வைகள். மேஜை. ஒலிபரப்பி இருந்த இடத்தில் தூசி படியாத சதுரம். அறுந்த ஒயர் முனை. நாற்காலி. யாருமில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தாள். யாருமில்லை. மூச்சு வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மாலை வெயிலில் தெரு நிறைய ஆட்கள்.

மருந்துக்கடைக்காரர். அவர் மனைவி. எதிர்வீட்டு டீச்சர். பேர் தெரியாத முகங்கள், ஐந்தாறு தெருவின் முகங்கள். சிலர் கையில் ரேடியோ. பலர் கையில் எதுவுமில்லை. ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் அண்ணாந்து இந்த ஜன்னலைப் பார்த்தார்கள்.

அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால், அறையின் இடது மூலையில் எதையோ பார்த்தார்கள். அத்தனை கண்களும் ஒன்றாக நகர்ந்தன. மெதுவாக. இடமிருந்து வலமாக. நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பதைப் போல.

நின்றன. அவள் தோளுக்கு ஒரு சாண் மேலே.

திரும்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கழுத்து வரவில்லை. கத்து. வாய் வரவில்லை.

கீழே மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். மரியாதையாக, ஒரு சின்ன சைகை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது.

பக்கத்தில் டீச்சரும் அப்படியே கையை அசைத்தாள். பிறகு தெரு முழுவதும்.

அவள் தள்ளி நின்றாள்.