ஆடிட் முடியற வரைக்கும்

கொசு கடிக்கவில்லை. மகுடேஸ்வரனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேலம்பாளையத்தில், பொழுது சாயும் நேரத்தில், கடிக்காத கொசுவா? மழைத்தொட்டியில் தேங்கிய தண்ணீரின் அழுகல் வாடை ஜன்னல் வழியே ஊறி வர, அவருடைய பனியன் கம்பெனியின் ஆபீஸ் சுவர் முழுக்க அவை அசையாமல் உட்கார்ந்திருந்தன. எல்லாம் அவரைப் பார்த்தபடி.

நாளைக்கு ஆடிட். ஆர்டர் கொடுக்கும் வெள்ளைக்காரப் பையர் சோதனைக்கு வந்தால்தான் அந்தக் கம்பெனிக்குக் கொசுமருந்துப் புகை வரும். முதலாளியான அவர் புகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். புகை வாடகை மெஷினோடு திரும்பிப் போய்விடும்.

போன ஆடிட் அன்று டெய்லர் முருகேஷுக்குக் காய்ச்சல் கொதித்தது. பையர் பார்த்தால் ஆர்டர் போச்சு. வேஸ்ட் குடோனில், பனியன் கழிவின்மேல் அவனைக் கிடத்தி, "ஆடிட் முடியற வரைக்கும் சத்தமில்லாமப் படு கண்ணு" என்று சொல்லிக் கதவைப் பூட்டினார். குடோன் சுவருக்கு அந்தப் பக்கம், குறைமாதக் கன்றை வீசிச் செத்த தன் மாட்டைப் புதைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா சின்னாத்தாளுக்கு அது கேட்டிருக்குமா என்று அவர் யோசிக்கவில்லை. ஆடிட் பாஸ். முருகேஷ் இல்லை. சின்னாத்தாள் இன்னும் கம்பெனியில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். குடோன் சாவி அவள் இடுப்பில்.

போன் அடித்தது. மாட்டு டாக்டர் வர்ஷினி.

"லேப் ரிசல்ட் வந்துருச்சுங்க. மாட்டு ரத்தத்துல இருந்ததும் முருகேஷ் ரத்தத்துல இருந்ததும் ஒரே வைரஸ். உங்க தொட்டிக் கொசுவுலயும் அதேதான். மாட்டுக்குள்ள கொஞ்சம் மாறி, அவனுக்குள்ள இன்னும் கொஞ்சம் மாறியிருக்குங்க. போற ஒவ்வொரு ஒடம்புலயும் எதையோ கத்துக்குது. இன்னைக்கே தொட்டியக் காலி பண்ணுங்க."

"ஆடிட் முடியட்டும் கண்ணு."

குடோனில் யாரோ இருமினார்கள்.

கரண்ட் போனது. சுவரிலிருந்து ஒரே ரீங்காரமாக எழுந்த கொசுக்கள் அவரைத் தொடாமல் தாண்டி, குடோன் பக்கம் பறந்தன. இன்னொரு காய்ச்சல்காரனா? நாளைக்குப் பையர் வரும்போதா? போன் வெளிச்சத்தில் வேகமாக நடந்தார். கதவு திறந்திருந்தது. நுழைந்தார்.

உள்ளே ஈரத்துணி வாடை. சாணி வாடை. இருமல். பிறகு கன்றின் குரல். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

"யாரு? சின்னாத்தா?"

"நாந்தானுங்க." வெளியிலிருந்து வந்த குரலில் மரியாதை குறையவில்லை. "ஆடிட் முடியற வரைக்கும் சத்தமில்லாமப் படுங்க சாமி."

வெளிச்சத்தைத் திருப்பினார். வெள்ளைக் கழிவுக் குவியல் கறுப்பாக இருந்தது. கறுப்பு அசைந்தது. எழுந்தது. வழிவிட்டது.

அடியில், துணியில், ஆள் படுத்த பள்ளம்.

முருகேஷ் ஒல்லி. பள்ளம் மகுடேஸ்வரன் அளவுக்கு இருந்தது, தொப்பை உட்பட. அதன் ஓரத்தில் மயிர் முளைக்காத கன்று ஒன்று, கண் திறக்காமல், துணியை நக்கி நக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தது.