தனியாகத் தூங்காதவள்

கிணற்றுத் தண்ணீர் இனித்தது. கடல்நீர் ஏறி, இரண்டு வருடமாக வாயில் வைக்க முடியாத உப்பு. சீமைப்பலா மரமும் கிழங்குக் குழியும் அதனால்தான் செத்தன. இன்று சாயங்காலம் ஒரு வாய் குடித்த ரோடியா அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீரில் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. பூப்போட்டுக் காய்ச்சி, பிணத்துக்குப் பூசும் எண்ணெய். போன வருடம் மாமியார் தாபிரியாவுக்கு அவள்தான் தன் கையால் பூசினாள்.

மதியம்தான் கணவன் தெபானோ பிள்ளைகள் இருவரையும் தலைநகரத் தீவான தராவாவுக்குப் போகும் படகில் ஏற்றிக்கொண்டு போனான். ஊரில் மிச்சமிருந்தவர்களும் அதே படகில் போய்விட்டார்கள். இவளுக்கு மட்டும் இடமில்லையாம், அடுத்த படகில் வந்து கூட்டிப்போவானாம். கோழிகளுக்கு இடமிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் வாயை மூடிக்கொண்டாள், பாவி.

கிளம்புவதற்கு முன் அவன் வீட்டை ஒட்டிய அம்மாவின் கல்லறையில் புகையிலை வைத்து வெகுநேரம் முணுமுணுத்தான். என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

"தனியாப் படுத்தா அம்மாவுக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியாதா? தனியா விட மாட்டேன்னு சொல்லிட்டேன்," என்றான்.

மாமியாரின் எலும்புகளையும் எடுத்துப்போகத்தான் வருவான் என்று இவள் நம்பினாள்.

பௌர்ணமிக் கடல் இப்போது கரை வழியாக வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து, பவளக்கல் சந்துகளில் குமிழிட்டு ஏறியது. மிதந்த தேங்காய் மட்டைகள் குடிசைக் கால்களில் முட்டின, நண்டுகள் சுரண்டிக்கொண்டு கூரைக்கு ஏறின, எங்கும் அந்த எண்ணெய் வாசம். சுவரில்லாத மேடைக் குடிசையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லறையைச் சுற்றிய வெள்ளைக்கல் வரிசை மங்கலாகத் தெரிந்தது. வழக்கத்தைவிட அகலமாக. நேற்று தெபானோ அந்தக் கற்களைப் பெயர்த்து மறுபடி அடுக்கினான். அலை அரிக்காமல் இருக்க என்று சொன்னான்.

இரண்டு பேர் படுக்கும் அகலம்.

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான். பத்து வருடம் கூட வாழ்ந்தவன்.

தண்ணீர் மேடையைத் தொட்டது. மட்டைகள் முட்டுவது நின்றது. நண்டுகளும் நின்றன.

மேடை ஒரு பக்கம் தாழ்ந்தது. யாரோ ஏறினால் தாழுமே, அப்படி.

ஈரப் பாய் விரியும் சத்தம். பக்கத்தில்.

"என் பிள்ளை சொன்ன சொல் தவற மாட்டான்," என்றது மாமியாரின் குரல், ஆசையாக. "கொஞ்சம் தள்ளிப் படும்மா."

எண்ணெய் வழுக்கும் கை ஒன்று அவள் இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டது.