தகட்டுக்கு ஒரு எண்ணெய்க் குளியல்

கடுகெண்ணெய் இல்லாமல் என் மாமாவுக்கு ஒரு வேலையும் ஓடாது. தலைவலிக்கு அது, முட்டிவலிக்கு அது, சைக்கிள் சங்கிலிக்கும் அதேதான். பொரி தின்ன உட்கார்ந்தால் அதிலும் அரைக் குப்பியைக் கவிழ்த்துவிடுவார்.

எங்கள் ஊர் ஜமுனா ஆற்றின் நடுவில் இருக்கும் மணல்திட்டு. மின்கம்பி இன்னும் ஆற்றைத் தாண்டி வரவில்லை. தகரக் கூரைமேல் இருக்கிற சோலார் தகடுதான் எங்களுக்கு விளக்கும் விசிறியும் தருகிறது. தம்பி பிப்லுவுக்கு மூச்சு இரைத்தால், மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினும் அதில்தான் ஓடும்.

அன்று காற்றில் மணல் பறந்தது. மத்தியானமே பிப்லுவுக்கு இரைப்பு வந்துவிட்டது. அம்மா மெஷினைப் போட்டார். அது ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது. பேட்டரிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நாலு நாளா நல்ல வெயில்தானே? ஏன் சார்ஜ் ஏறல?" என்றார் அம்மா.

அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக மாமா படகுக்காரரைத் தேடி ஓடினார். சீக்கிரமே தனியாகத் திரும்பினார்.

"புயல் கட்டிக்கிட்டு வருதாம். இப்ப படகை எடுக்க மாட்டேங்கறாங்க."

மூங்கில் ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தேன். காற்று என் துப்பட்டாவையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஆனால் தகட்டின்மேல் கிடந்த ஒரு வாத்து இறகு மட்டும் அசையவே இல்லை.

தொட்டேன். விரல் ஒட்டியது. மோந்து பார்த்தேன். மாமா வாசனை.

"மாமா, தகட்டை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே! போன வாரம் கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு விட்டேன். பளபளன்னு இருந்தா வெயில் நல்லா உறைக்குமில்ல?"

ஏறி வந்து பார்த்தவர் முகம் தொங்கிவிட்டது. தகடு முழுக்க மணல் அப்பிக் கிடந்தது.

"ஐயோ ஜோனாகி, என்னாலயா..."

"அதை அப்புறம் பேசிக்கலாம் மாமா. முதல்ல சோப்புத்தூளும் தண்ணியும் எடுத்துட்டு வாங்க."

பழைய துண்டால் அழுக்கு போகக் கழுவினோம். கண்ணாடி தெரிந்தது. ஆனால் தகடு தெற்கே பார்த்திருந்தது. சூரியனோ மேற்கே சாய்ந்து, மேகங்களுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"கயித்தை அவிழ்த்துத் திருப்பிப் பிடிங்க. மேகம் விலகுற நேரத்துல ஒரு துளி வெயிலையும் விடக்கூடாது."

மாமா தகட்டைத் தோளில் சாய்த்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். "இடது பக்கம் மாமா, இன்னும் கொஞ்சம் நிமிர்த்துங்க" என்று நான் சொல்லச் சொல்லத் திருப்பினார்.

"கை வலிக்குதுடி."

"எண்ணெய் தேய்ச்சு விடவா?"

"வாயை மூடு" என்றார். ஆனால் தகட்டை விடவில்லை.

கடைசியில் கீழிருந்து அம்மா கூப்பிட்டார். "ஜோனாகி, பச்சை விளக்கு எரியுது!"

அடுத்து மெஷின் கொர்ரென்று ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் அவ்வளவு ஆசையாக ஒருபோதும் கேட்டதில்லை. தகட்டை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினோம். பிப்லுவின் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியபோது, "பசிக்குது" என்றான் பிப்லு. எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அம்மா பொரி கொண்டுவந்தார். மாமா எண்ணெய்க் குப்பியைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஊத்தலாமில்ல?"

"தாராளமா ஊத்துங்க மாமா" என்றேன்.