கேட்காத ஏழாவது கேள்வி

ட்ரிங்... ட்ரிங்...!

காலை எட்டு மணிக்கே கிளினிக் டெலிபோன் அலறியது. நர்ஸ் ரிசீவரை எடுத்தாள்.

"பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.லேர்ந்து பேசறோம். நேத்து உங்க கிளினிக்ல லைப்போசக்‌ஷன் பண்ணிக்கிட்ட டீச்சர் இங்க வந்திருக்காங்க. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது! ரத்தத்துல பிளட் தின்னர் மாத்திரை இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க கேக்கலையா?"

நர்ஸ் டீச்சரின் ஃபார்மைத் தேடி எடுத்தாள்.

கேட்கவில்லை... கேட்கவே இல்லை!

கொழுப்பை உறிஞ்சி எடுக்க வருகிற எல்லோரிடமும் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். சர்க்கரை உண்டா... சிகரெட் உண்டா... ஏழாவது, 'ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' சாப்பிடுகிறவர் என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

நேற்று வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். டீச்சரோ பேச்சில் ராணி.

"கொழுப்பெடுத்தவனேன்னு கிளாஸ்ல பசங்களைத் திட்டுவேன் சிஸ்டர். இன்னிக்கு நானே கொழுப்பெடுத்தவ ஆகப்போறேன்!"

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னொரு அதிசயம் கேளுங்க. இருபது வருஷமா வெந்நீர்கூட வச்சுத் தராத என் வீட்டுக்காரர், அஞ்சு நாளா தன் கையால திராட்சை ஜூஸ் போட்டுத் தர்றார்!"

சிரித்த சிரிப்பில் ஃபார்மில் இருந்த 'இல்லை' கட்டங்கள் பத்துக்கும் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்துவிட்டாள் நர்ஸ். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோட்டைத்தான் இப்போது விரலால் தடவிப் பார்த்தாள்.

'பாவி... நாந்தான் அவங்களைக் கொன்னுட்டேன்!'

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கியவர் பெண் இன்ஸ்பெக்டர். பின்னாலேயே டீச்சரின் கணவர். மருந்துக்கடை வைத்திருப்பவர். கண்கள் வீங்கியிருந்தன.

டாக்டர் நர்ஸின் காதைக் கடித்தார்.

"ஃபார்ம் இருக்கு. அந்தம்மா கையெழுத்து இருக்கு. நீ வாயைத் திறக்காதே!"

இன்ஸ்பெக்டர் ஃபார்மைப் புரட்டினார்.

"ஏழாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு இருக்கே... கேட்டீங்களா சிஸ்டர்?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள்.

கணவர் முந்திக்கொண்டார்.

"கேட்டாங்க மேடம்! நான் திரைக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். இவங்க கேட்டாங்க, அவ 'இல்லை'ன்னா. என் காதால கேட்டேன். இப்பத்தான் கடை ஸ்டாக்கைப் பாத்தேன். கால் வலிக்காக எனக்குத் தெரியாமலே எடுத்துத் தின்னிருக்கா. சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்ல!"

"ரத்தம் கசிஞ்சதும் ஏன் கூட்டிட்டு வரலை?"

"ரெண்டு நாள் லேசா சிவந்த தண்ணி கசியும், பயப்படாதீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்களே..."

'கெட்டியா ரத்தமா வந்தா உடனே ஓடி வாங்க'ன்னும் சொன்னேனே! நர்ஸ் மனசுக்குள் கத்தினாள்.

தலையை ஆட்டினால் போதும். வேலை மிஞ்சும்... மானம் மிஞ்சும்... வீடு போய்ச் சேரலாம்.

டாக்டர் செருமினார்.

டீச்சரின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. நர்ஸ் உடைந்து அழுதாள்.

"இல்ல மேடம்... நான் கேக்கவே இல்ல! ஏழாவது இல்ல, ஒண்ணுமே கேக்கல! சிரிச்சுக்கிட்டே ஒரே கோடா இழுத்துட்டேன்!"

டாக்டர் தலையில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் நர்ஸைப் பார்க்கவில்லை. மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார்... கேக்காத கேள்விக்கு, சொல்லாத பதில்... உங்க காதுல மட்டும் எப்படி விழுந்துது?"

கணவரின் முகம் வெளுத்தது.

"அ... அது... ஃபார்ம்ல..."

"ஃபார்மைப் பாத்துட்டுக் கதை கட்டினீங்களா?"

நர்ஸ் சட்டென்று கண்ணைத் துடைத்தாள்.

"மேடம்... ஜூஸ்! அஞ்சு நாளா இவர்தான் போட்டுக் குடுத்திருக்கார். நேத்தும் டீச்சர் அதை ஃபிளாஸ்க்ல கொண்டுவந்தாங்க. வெறும் வயித்தோடதான் ஆபரேஷன்னு நான்தான் வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சேன். அப்படியே இருக்கு!"

கணவர் ஃபிரிட்ஜை நோக்கிப் பாய்ந்தார்!

இன்ஸ்பெக்டரோடு வந்த கான்ஸ்டபிளின் கை அவர் காலரைக் கொத்தாகப் பிடித்தது.

ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள். அடியில் வெள்ளையாக வண்டல்!

மிச்ச உண்மையை மதியத்துக்குள் கணவரே கக்கிவிட்டார். கடையில் பில் போடுகிற பெண்ணோடு புதுக் குடித்தனம் நடத்த ஆசை. மாத்திரையைத் தானே தின்றாள் என்று பழி டீச்சர் தலையிலேயே விழட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"சிஸ்டர், நீங்க கேட்டிருந்தாலும் அந்தம்மா 'இல்லை'ன்னுதான் சொல்லியிருப்பாங்க. அவங்களுக்கே தெரியாதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கலாம் மேடம். ஆனா நான் கேக்கலையே..."

"அதுக்கு உங்க மேலயும் விசாரணை உண்டு."

"வரட்டும் மேடம்."

சாயங்காலம் ரத்தம் நின்றது. டீச்சர் கண் விழித்தார். நடந்ததை இன்ஸ்பெக்டரே பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐ.சி.யூ. கட்டிலருகே நர்ஸ் நின்றாள். கையில் புது ஃபார்ம். கண்ணீரில் எழுத்து கலங்கலாகத் தெரிந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர். நேத்து கேக்காததை இன்னிக்குக் கேக்கறேன். ரத்தம் உறையாம தடுக்கற மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடலை சிஸ்டர்... புகட்டினாங்க."

டீச்சரின் கண்ணோரம் நனைந்தது. பிறகு உதடு மெல்லக் கோணியது.

"நீங்க எங்கிட்டேர்ந்து எடுத்த கொழுப்பு எவ்வளவு?"

"மூணு லிட்டர்..."

"அவ்வளவுதானா? இன்ஸ்பெக்டரம்மாவைப் பாருங்க... எண்பது கிலோ கொழுப்பெடுத்தவரை, கத்தியே வைக்காம என் வீட்டுலேர்ந்து எடுத்துட்டாங்க!"